பிரயாணியின் சலுகையும் பிறர் கடனும்

பிரயாணம் செய்கிறவனுக்கு மார்க்கம் சில சலுகைகளைத் தந்திருக்கிறது. நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கிக்கொள்ளலாம். ரமலான் நோன்பை வேறு நாட்களுக்குத் தள்ளிவைக்கலாம். ஜும்ஆ அவன்மேல் கடமையில்லை. இவை யாவும் நம் வாசகர்கள் மதரஸா நாள் முதலே அறிந்தவை. புதிதாக ஒன்றும் சொல்லப் புகவில்லை. சென்ற பள்ளி விடுமுறையில் மலாக்காவிலிருந்து கேமரன் மலைக்கு ஒரு நாள் போய் வந்தோம். போன இடத்தில் 45 வெள்ளி விஷயமாக எங்கள் வண்டிக்குள் எழுந்த தர்க்கம் இன்னும் முடிந்தபாடில்லை. வழிப்போக்கனுக்கு எது தள்ளுபடி, எது தள்ளுபடியில்லை என்பதே அத்தர்க்கம். அதை வாசகர்கள் முன் வைக்கிறோம்.

மூன்று குடும்பங்கள், பிள்ளைகளோடு 14 பேர். வேன் ஒன்றை வாடகைக்குப் பேசிக்கொண்டு, அதிகாலை மூன்று மணிக்கு ஆயர் குரோவில் நெடுஞ்சாலை ஏறினோம். சுபுஹு தொழுகை தாப்பா ஓய்விடத்தில். நம் மலாக்கா சமவெளி மண். மலை என்றால் லேடாங்கைத்தான் கை நீட்டிக் காட்டுவோம். அதன் உச்சியும் ஜொகூருக்குப் போய்விட்டது. ஆகவே தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரையுள்ள ஏறத்தாழ 60 கிலோமீட்டர் மலைப்பாதை எங்கள் பிள்ளைகளுக்குப் பெரிய அதிசயம். 1885-ல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலைப்பகுதியைச் சுற்றிப் பார்த்துக் குறித்துவைத்தார். அவர் பெயர்தான் மலைக்கு நிலைத்தது. ஆனால் வண்டி ஏறும் பாதை 1931-ஆம் ஆண்டு வாக்கில்தான் தானா ராத்தாவை எட்டியது. காட்டையும் பாறையையும் வெட்டி, ஆற்றின் போக்கிலேயே வளைந்து வளைந்து போட்ட பாதை. அதன் வளைவுகளை எண்ணத் தொடங்கிய ஒரு பிள்ளை, நூறைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுப் பிளாஸ்டிக் பையைக் கேட்டு வாங்கிக்கொண்டது.

லாத்தா இஸ்கந்தார் அருவியில் இறங்கிக் கால் நனைத்தோம். அங்கிருந்து சிறிது தூரம் ஏறியதும் பாதையோரத்தில் ஒராங் அஸ்லி மக்களின் பந்தல்கள். மூங்கில் கால், தகரக் கூரை. பெத்தாய்க் கொத்து, காட்டுத் தேன், மூங்கில் குழல். ஒரு பந்தலில் மூதாட்டி ஒருவர் தனியாக அமர்ந்திருந்தார். இரண்டு கட்டுப் பெத்தாயும் ஒரு போத்தல் தேனும் 40 வெள்ளி என்றார். நம்மவர்களுக்குப் பேரம் பேசாமல் ஒரு பொருளை வாங்கினால் அன்றைக்குச் சோறு இறங்காது. 35-க்கு முடித்தோம். 50 வெள்ளித் தாளை நீட்டினோம். மீதியை அவர் மடித்துக் கொடுத்தார். காய்கறி ஏற்றப் போகும் லாரி ஒன்று பின்னால் நின்று ஓயாமல் ஒலிப்பானை அடித்தபடியால், எண்ணிப் பார்க்காமலே பணப்பையில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டோம்.

ரிங்லெட்டைத் தாண்டியதும் ஏரி தெரிந்தது. மலைகளுக்கு நடுவே அசையாத பச்சைத் தண்ணீர். "சுப்ஹானல்லாஹ், எவ்வளவு அழகான ஏரி!" என்று வண்டி முழுவதும் ஒரே குரல். அது இயற்கையாக அமைந்த ஏரியன்று. பெர்த்தாம் ஆற்றை மறித்து 1960-களின் முற்பகுதியில் மின்சாரத்துக்காகக் கட்டிய சுல்தான் அபு பாக்கார் அணையின் நீர்த்தேக்கம் அது. தண்ணீர் மலைக்குள் குடைந்த சுரங்கத்தின் வழியே இறங்கி, மறுபக்கத்து மின்நிலையத்தின் சக்கரங்களைச் சுழற்றுகிறது. அணைக்குக் கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் மக்கள் குடியிருக்கிறார்கள், காய்கறி பயிரிடுகிறார்கள். 2013 அக்டோபர் 23-ஆம் நாள், நள்ளிரவு கழிந்த நேரத்தில், மழையால் அணை நிரம்பித் தண்ணீரைத் திறந்துவிட்டபோது அந்தப் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து வீடுகளை அடித்துச் சென்றது, உயிர்களும் போயின. நாங்கள் அந்த ஏரியைப் பின்னணியாக வைத்துப் படம் எடுத்துக்கொண்டோம். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆயினும் மேலே நின்று பார்க்கிறவனுக்கு அது ஏரி, கீழே படுத்துறங்குகிறவனுக்கு அது தலைமாட்டில் நிற்கும் தண்ணீர் என்ற நினைப்பு அன்று எங்களில் ஒருவருக்கும் வரவில்லை.

தேயிலைச் சரிவுகளிலும் இதே கதைதான். பச்சைக் கம்பளம் என்றார் ஒருவர், வெல்வெட்டு என்றார் இன்னொருவர். எங்களோடு வந்திருந்த பெரிய மாமு மட்டும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தகப்பனார் ஆசஹான் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கடை வைத்திருந்தவர்; மாமு பிரட்டுச் சத்தத்தில் கண் விழித்து வளர்ந்தவர். "இது தானா வளர்ந்தா மரம். இடுப்பளவுக்கு வெட்டி வெட்டி இப்படி வச்சிருக்காங்க. இவ்வளவையும் நிரை போட்டு நட்டவங்க கை எப்படி இருந்திருக்கும்!" என்றார். உண்மைதான். ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் 1929-ல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்தில், இந்த மலையில் காட்டை அழித்து நாற்று நட்டவர்களில் தென்னாட்டிலிருந்து வந்த தமிழர்கள் ஏராளம். 1938-ல் இந்திய அரசாங்கம் தொழிலாளர்களை இப்படி அனுப்புவதை நிறுத்தும்வரை ஆள் வந்துகொண்டே இருந்தது. இன்று பெரும்பாலும் பங்களாதேஷ், நேப்பாளம், இந்தோனேசியா நாட்டுப் பிள்ளைகள். கைக்குப் பதிலாகப் பெரும்பாலும் இயந்திரம். அப்படி இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு சரிவில் நின்ற இருவரை எங்கள் பையன் ஒருவன் கைபேசியால் படம் பிடித்தான். ஒருவர் சிரித்தார். மற்றவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முகத்தைத் திருப்பிக்கொள்வது என்றால் என்னவென்று மலாக்காக்காரர்களாகிய நமக்குத் தெரியாதா? 2008-ல் யுனெஸ்கோ நம் ஊரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பிறகு, விடுமுறை நாள் வந்தால் நாம் பார்க்கிறவர்கள் அல்லர், பார்க்கப்படுகிறவர்கள். 1748-ல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய கம்போங் கெலிங் பள்ளிவாசலில் உளூச் செய்ய உட்கார்ந்தால், வாசலுக்கு வெளியே நாலு கைபேசி நம்மை நோக்கி நிற்கிறது. கடை திறக்கும் முதலாளியை, தேநீர் ஆற்றும் தம்பியை, கேட்காமலே படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். வருகிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். நம் ஊருக்கு வரும் வருமானமும் அவர்களால்தான். ஆனாலும் நம்மை ஒரு மனிதராகப் பார்த்தார்களா, மரத்தையும் சுவரையும் போலப் பார்த்தார்களா என்பது பார்க்கப்படுகிறவனுக்கு உடனே தெரிந்துவிடுகிறது. இதை ஆண்டு முழுவதும் அனுபவிக்கிற நாமே, மலைப்பாதையில் ஏறியதும் அந்தப் பக்கத்து மனிதர்களாக மாறிவிடுகிறோம்.

தானா ராத்தாவில் லுஹர். நம் கூட்டத்தில் ஷாஃபிகளும் உண்டு, ஹனஃபிகளும் உண்டு. ஷாஃபி சகோதரர்கள் லுஹரையும் அஸரையும் சேர்த்து, சுருக்கி, கையோடு முடித்துவிட்டார்கள். ஹனஃபி சகோதரர்கள் லுஹரை மட்டும் சுருக்கித் தொழுது, அஸருக்கு வண்டியை மறுபடி நிறுத்த வேண்டும் என்றார்கள். இதில் சிறிது கேலியும் சிரிப்பும். பிறகு சாப்பாட்டுக் கடையில் பணம் கொடுக்கப் பணப்பையைத் திறந்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. அந்த மூதாட்டி எங்களுக்கு மீதி தரவேண்டியது 15 வெள்ளி: ஒரு பத்து, ஒரு ஐந்து. பத்து இருந்தது, ஐந்து இருக்கவேண்டிய இடத்தில் ஐம்பது இருந்தது. இரண்டு தாளும் பச்சைச் சாயல் கொண்டவை. வயதான கண்ணுக்கு, அதுவும் மடித்த தாளில், மாறித் தெரிந்திருக்கிறது. ஆக, ஐந்து வெள்ளிக்குப் பேரம் பேசிய நாங்கள் 50 கொடுத்து 60 வாங்கிக்கொண்டு, பெத்தாயையும் தேனையும் சும்மா எடுத்துவந்திருந்தோம்.

தர்க்கம் அங்கேதான் ஆரம்பித்தது. எங்கள் திட்டம், பிரிஞ்சாங் போய்ச் சந்தையும் தோட்டங்களும் பார்த்துவிட்டு, கம்போங் ராஜா வழியாக சிம்பாங் பூலாய்க்கு இறங்குவது. ஏறிய வழியே இறங்கினால் பார்த்ததையே பார்க்கவேண்டும். மேலும் அந்தப் பாதை அகலமானது, பிள்ளைகளுக்கு வயிறு கலங்காது. மூதாட்டியின் பந்தலோ தாப்பா பாதையில்.

"காட்டிலே சும்மா கிடைக்கிற பெத்தாய்தானே! என்ன முதல் போட்டிருக்கப் போறாங்க?" என்றார் இளையவர் ஒருவர்.

"அந்த மரத்திலே நீ ஒரு தடவை ஏறி இறங்கு. நான் அம்பது தர்றேன்" என்றார் சாச்சி.

இன்னொருவர் நல்ல எண்ணத்துடன் ஒரு வழி சொன்னார்: "மலாக்காவுக்குப் போனதும் பள்ளிவாசல் உண்டியலில் போட்டுடுவோம். நன்மை அந்த அம்மாவுக்கே போய்ச் சேரட்டும்."

"அவங்க பணத்தை அவங்களுக்குத் தெரியாம நம்ம ஊரு உண்டியல் எப்படித் தம்பி வாங்கும்? ஆள் எங்கே இருக்காங்கன்னு தெரியாதப்ப பேசவேண்டிய பேச்சு அது. இங்கே ஆளும் தெரியும், பந்தலும் தெரியும்" என்றார் மாமு.

"பயணத்திலே இதெல்லாம் பெரிசு பண்ணக்கூடாது மாமு. தொழுகையையே பாதியாக்கி அல்லாஹ் லேசாக்கித் தந்திருக்கான்."

இந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்தோம். சொன்னவர் அறியாதவர் அல்லர். தொழுகையை ஒருநாளும் விடாதவர். அப்படிப்பட்டவர் வாயிலேயே இது வருமானால், நம் எல்லார் மனத்திலும் எங்கோ இது குடியிருக்கிறது என்றுதான் கொள்ளவேண்டும். விடுமுறை என்ற சொல்லே நம்மை அப்படி ஆக்கிவிடுகிறது. வேலையிலிருந்து விடுமுறை என்று தொடங்கி, மெல்ல மெல்ல எல்லாவற்றிலிருந்தும் விடுமுறை என்று ஆகிவிடுகிறது. சொந்தத் தெருவில் குப்பை போடாதவர் மலைச்சரிவில் போத்தலை வீசுகிறார். அண்டைவீட்டு வாசலை மறித்து வண்டி நிறுத்தாதவர், பிரிஞ்சாங்கில் ஒரு கூடை ஸ்ட்ராபெரிக்காகப் பாதையையே மறிக்கிறார்.

சலுகை எதில் தரப்பட்டது என்பதைக் கவனிக்கவேண்டும். தொழுகை, நோன்பு, ஜும்ஆ: மூன்றும் அடியான் தன் ரப்புக்குச் செலுத்தும் கடன்கள். கடனுக்கு உரியவனே தன் பாக்கியில் தள்ளுபடி செய்கிறான். அது அவனுக்கு உரிமையான கருணை. அந்தத் தள்ளுபடியைக் காட்டி மூன்றாமவர் பாக்கியை நாம் எப்படிக் குறைத்துக்கொள்ள முடியும்? வங்கி நமக்கு வட்டியைத் தள்ளிவிட்டது என்பதற்காக மளிகைக்கடைக்காரர் கணக்கை நாம் அடித்துவிடுகிறோமா? மனிதருக்குச் செய்த தவறை அந்த மனிதர்தாம் மன்னிக்கவேண்டும் என்று ஆலிம்கள் சொல்ல எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறோம். அந்த மூதாட்டி நம் மார்க்கத்தவரா அல்லவா என்பது தெரியாது. நல்லவேளையாக வண்டியில் அதை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கணக்கு ஒரு காசு மாறாது.

இன்னொன்றும் யோசித்தோம். ஊரில் ஒருவருக்குத் தவறு செய்தால் மறுநாள் அவரைப் பார்க்கிறோம். வெட்கமாவது வரும், வாய் தவறியாவது மன்னிப்புக் கேட்போம், இல்லாவிட்டால் அவரே வந்து சட்டையைப் பிடிப்பார். வழியில் செய்த தவறுக்கு இந்த வசதி ஒன்றும் கிடையாது. நாம் போய்க்கொண்டே இருக்கிறோம். அவருக்கு நம் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. மாலையில் பெட்டியை எண்ணும்போது 45 குறையும். எங்கே போனது என்றும் தெரியாமல் தன் கண்ணையே நொந்துகொள்வார். ஆகவே ஊரில் செய்த தவறைக் காட்டிலும் வழியில் செய்த தவறு தீர்ப்பதற்குக் கடினமானது. தீர்ப்பதற்குக் கடினமானதை லேசானது என்று எண்ணிக்கொள்கிறோம்.

முற்காலத்தில் நிலைமை வேறு. வழிப்போக்கன்தான் பலவீனன். ஜகாத்துக்கு உரிய எட்டு வகையினரில் வழிப்போக்கனையும் சேர்த்ததற்கு அதுவே காரணம். 1325-ல் தாஞ்சியரை விட்டுப் புறப்பட்ட இப்னு பதூதா, மதுரைச் சுல்தானின் ஆதரவில் தங்கியவர், அந்நாட்டை விட்டுக் கடலில் போகையில் கொள்ளையரிடம் அனைத்தையும் பறிகொடுத்து நின்றார். நாடு நாடாக அவர் போனதெல்லாம் அந்தந்த ஊரார் கொடுத்த சோற்றிலும் துணியிலும்தான். அவரைப் போன்றவனுக்குக் கொடுத்த சலுகையை, குளிர்சாதன வண்டியில் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கிப் பேரம் பேசும் நாமும் பெற்றுக்கொள்கிறோம். பெறலாம், சட்டம் இடம் தருகிறது. ஆனால் இன்று அந்தப் பாதையில் பலவீனர் யார்? வண்டியில் போகிறவரா, மழையில் தகரத்தின் கீழ் உட்கார்ந்திருக்கிறவரா?

மார்க்கம் உல்லாசத்துக்கு விரோதமானது என்று யாரும் எண்ணவேண்டாம். ஷாஃபி சட்ட நூல்களில் ஒரு ருசிகரமான விஷயம் உண்டு. ஓர் ஊருக்கு இரண்டு வழிகள். குறுகியது சுருக்கித் தொழும் தூரத்தை எட்டாது, நீண்டது எட்டும். ஒருவன் நீண்ட வழியில் போனால் சுருக்கலாமா? ஒரு நோக்கமும் இல்லாமல் சுற்றிப் போனால் இல்லை. சுலபம், பாதுகாப்பு போன்ற நோக்கம் இருந்தால் உண்டு. கண்ணுக்கும் மனத்துக்கும் இன்பம் தேடி அந்த வழியில் போவதையும் ஒரு நோக்கமாகவே உரையாசிரியர்கள் ஏற்றிருக்கிறார்கள். காட்சிக்காகச் சுற்றுவழி போகிறவனை எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பே நம் சட்ட அறிஞர்கள் நினைத்துப் பார்த்திருக்கிறார்கள்! பாவத்துக்காகப் புறப்பட்டவனுக்கு இந்தச் சலுகை இல்லை என்பதும் ஷாஃபி வழி; அபூஹனீஃபா இமாமின் வழியில் அவனுக்கும் உண்டு. எவ்வழியாயினும், அழகைப் பார்ப்பது தவறில்லை. எங்கள் முன் நின்ற கேள்வி, அழகான வழியில் போவதா, கடன் நிற்கும் வழியில் போவதா என்பதுதான்.

மாமு கடைசியில் தம் தகப்பனாரைப் பற்றிச் சொன்னார். 1950, 60-களில் தோட்டத் துண்டாடல் நடந்தபோது, அவர்கள் கடையிருந்த தோட்டமும் கூறுபோட்டு விற்கப்பட்டது. குடும்பங்கள் இரவோடிரவாக மூட்டை கட்டின. கடன் நோட்டில் பாக்கி வைத்துப் போனவர்கள் பலர். அதைத் தகப்பனார் கிழித்துப் போட்டுவிட்டார். ஆனால் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கடையில் கொடுத்துவைத்திருந்த இரண்டு குடும்பங்களின் பணம் நின்றுவிட்டது. அவர்களைத் தேடித் தம்பினுக்கும் ஜாசினுக்கும் சைக்கிளில் போனாராம். ஒரு குடும்பம் கிடைத்தது. மற்றது கிடைக்கவில்லை. "எனக்கு வரவேண்டியதை நான் மறக்கலாம், நான் தரவேண்டியதை அவங்கதான் மறக்கணும்னு அத்தா சொல்லுவாக" என்றார் மாமு. அதற்குப் பிறகு வண்டியில் யாரும் பேசவில்லை. பிரிஞ்சாங் இல்லை, ஸ்ட்ராபெரி இல்லை என்றதும் பிள்ளைகள் அழுதன. ஓட்டுநர் முணுமுணுத்தார். ஹனஃபி சகோதரர்களின் அஸர் முடிந்ததும் வந்த வழியே இறங்கினோம்.

இத்துடன் முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரிங்லெட்டிலேயே மழை பிடித்துக்கொண்டது. பந்தலுக்கு வந்து சேர்ந்தபோது மலை இருட்டிவிட்டது. கடைகள் எல்லாம் மூடியிருந்தன. பலகையின்மேல் ஒரு கோணித் துணி மட்டும் நனைந்துகொண்டிருந்தது. மோட்டார் சைக்கிளில் வந்த ஓர் இளைஞரை நிறுத்திக் கேட்டோம். பாட்டி கம்பத்துக்குப் போய்விட்டார், நாளைக்கு வருவார் என்று மலாயில் சொன்னார். அவர் கையில் கொடுத்துவிடலாம் என்று சிலர் சொல்லி முடிப்பதற்குள் அவரும் மழையில் போய்விட்டார். கம்பம் எங்கே என்று விசாரித்துக்கொண்டு நடந்திருக்கலாம். மழை, இருட்டு, தூங்கிவிழும் பிள்ளைகள், மறுநாள் கடை திறக்கவேண்டும். எங்கள் உறுதி அந்த இடத்தோடு நின்றுவிட்டது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். தாப்பாவுக்கு இறங்கி, மஃரிபையும் இஷாவையும் அவரவர் முறைப்படி தொழுதுகொண்டு, நள்ளிரவுக்குப் பின் மலாக்கா வந்து சேர்ந்தோம்.

பணம் ஓர் உறையில் இருக்கிறது. 45 வெள்ளிதான் கணக்கு; சாச்சி இன்னும் ஐந்தைச் சேர்த்து 50 ஆக்கிவிட்டார். ஒப்புக்கொண்டு விற்ற விலையில் பாக்கி எதுவும் இல்லை என்று மாமு சொல்லிப் பார்த்தார். "அது கடன் இல்லே மாமு, வெட்கம்" என்று சொல்லி உறையை ஒட்டிவிட்டார். எங்களில் ஒருவர் ஆண்டிறுதி விடுமுறையில் ஈப்போ பக்கம் போவதாக இருக்கிறார். அவரிடம் கொடுத்தனுப்ப எண்ணியிருக்கிறோம். அதற்கு முன்னதாக வாசகர்களில் யாரேனும் தாப்பா வழியே மலையேறுவதானால் சங்கத்தில் தெரிவியுங்கள். லாத்தா இஸ்கந்தார் அருவியைத் தாண்டி மேலே, இடப்பக்கம், நீலத் தகரம் போட்ட பந்தல். காலையில் போனால் இருப்பார்.